நிறுத்தும் மருந்தும் நினைவூட்டும் மருந்தும்: ரெட்டினாய்டுகளும் தமனிக் குறுக்கமும்

1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க இதயக் கழகத்தின் ஆய்விதழ்களில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. முதல் கட்டுரை, ராபமைசின் என்னும் பொருள் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள மென்தசைச் செல்களின் பெருக்கத்தை நிறுத்துகிறது என்றது. இரண்டாவது கட்டுரை, உடல் வைட்டமின் ஏ-யிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் அதே செல்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: பலூன் செலுத்தி விரிவாக்கப்பட்ட தமனி சில மாதங்களிலேயே மீண்டும் குறுகிப்போவதைத் தடுப்பது. எட்டு ஆண்டுகளுக்குள் ராபமைசின் உலோகக் கூட்டில் பூசப்பட்டு உலகெங்கும் நோயாளிகளின் இதயத் தமனிகளுக்குள் சென்றது. ரெட்டினாயிக் அமிலமோ எலியிலும் முயலிலும் நல்ல பலன் தந்தும் இதய மருத்துவரின் கைக்கு ஒரு சிகிச்சையாக வந்து சேரவில்லை.

முதல் மருந்து ஏன் வென்றது என்பதை இதயவியல் பாடநூல்கள் சொல்கின்றன. இரண்டாவது ஏன் பின்தங்கியது என்பதை அவை பேசுவதில்லை. அதன் வலிமைக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது விடையாக வந்துகொண்டிருந்தபோதே கேள்வி மாறிவிட்டது என்பதுதான் ஆவணங்களைக் காலவரிசைப்படி படிக்கும்போது தெரியவரும் பெரிய காரணம்.

குறுகிய வழியை அகலப்படுத்துவது மருத்துவத்தின் மிகப் பழைய செயல்களுள் ஒன்று. ஆண்குறியின் முன்தோல் குறுகி வழி அடைபடும் 'நிருத்தப்பிரகாசம்' என்னும் நோய்க்கு நெய் பூசிய குழலைச் செலுத்தி, மூன்று நாளுக்கொருமுறை அதைவிடத் தடித்த குழலாக மாற்றிக்கொண்டே போகுமாறு சுசுருத சம்கிதை கூறுகிறது. குதவழி குறுகும் நோய்க்கும் இதே முறையைத்தான் அது பரிந்துரைக்கிறது. ஒருமுறை திறந்தால் போதும் என்று அந்நூல் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திறந்த வழி மீண்டும் மூடிக்கொள்ள முயலும் என்ற பட்டறிவு அந்த மூன்று நாள் கணக்கில் இருக்கிறது.

இதே எண்ணத்தைத் தமனிக்குள் கொண்டு சென்றவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பணியாற்றிய கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில், கால் அழுகத் தொடங்கி, காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை ஒன்றைவிட ஒன்று தடித்த குழல்களால் அவர் விரிவாக்கினார். சுசுருதரின் உத்தியேதான்; இடம்தான் வேறு. ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் தடித்த குழலுக்குப் பதிலாகப் பலூனைக் கொண்டுவந்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் அதைச் செலுத்தி விரித்தார். மார்பைத் திறக்காமல் இதயத் தமனி அடைப்பை நீக்கும் காலம் அன்று தொடங்கியது.

கூடவே ஒரு புதிய நோயும் தொடங்கியது. பலூனால் விரிவாக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் அதே இடத்தில் தமனி மீண்டும் குறுகியது. இதற்கு மீள்குறுக்கம் என்று பெயர். மனித வரலாற்றில் இது சிகிச்சைக்கு முன் இல்லாத நோய். மருத்துவரின் கையால் உண்டானது. கொழுப்பு படிந்து பல பத்தாண்டுகளில் உருவான பழைய அடைப்பு வேறு, சில மாதங்களில் உருவாகும் இந்தப் புதிய அடைப்பு வேறு என்பது திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெளிவாயிற்று. புதிய அடைப்பில் கொழுப்பு குறைவு. நிறைந்திருந்தவை மென்தசைச் செல்களும் அவை சுரந்த இழைப்பொருளும்.

மென்தசைச் செல் விசித்திரமான ஒன்று. நல்ல நிலையிலுள்ள தமனியின் நடுச்சுவரில் அது அமைதியாக இருந்து, சுருங்குவதும் தளர்வதுமாக இரத்த அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கிறது, பெருகுவது அரிது. ஆனால் இதயத் தசைச் செல்லைப் போல் அது தன் தொழிலில் நிரந்தரமாகக் கட்டுண்டதன்று. பலூன் விரியும்போது உள்வரிச் செல்களின் படலம் கிழிகிறது. அந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளால் மென்தசைச் செல் தன் சுருங்கும் புரதங்களைக் கைவிட்டுப் பெருகவும், உட்புறமாக நகரவும், இழைப்பொருளைச் சுரக்கவும் தொடங்குகிறது. தட்டணுக்களிலுள்ள வளர்ச்சிக் காரணியை 1974-இல் ரஸல் ராஸின் சியாட்டில் குழு எடுத்துக்காட்டியது. செல் இவ்வாறு வேடம் மாறுவதை ஜூலி சாம்லி-கேம்ப்பெல், கார்டன் கேம்ப்பெல், ராஸ் ஆகியோர் 1979-இல் எழுதிய விரிவான ஆய்வுரை ஒழுங்குபடுத்தி விளக்கியது. சுருங்கும் நிலை, சுரக்கும் நிலை என்ற பாகுபாடு அதன் பின்னர் நிலைபெற்றது.

தமனிக்கு மட்டும் உரிய கதை அன்று இது. குழல் செருகியதால் புண்பட்ட மூச்சுக்குழல், அமிலம் பட்ட உணவுக்குழல், காயம்பட்ட சிறுநீர்த்தாரை என எங்கெல்லாம் உட்குழிவான உறுப்பு காயப்பட்டு ஆறுகிறதோ அங்கெல்லாம் குறுக்கம் வரக்கூடும். ஜெனீவாவைச் சேர்ந்த ஜூலியோ கப்பியானி 1971-இல் ஆறும் புண்ணின் திசுவில் ஒருவகைச் செல்லைக் கண்டார். இழைப்பொருள் சுரக்கும் நாரணுவும் அதுவே, சுருங்கும் தசைச் செல்லின் இயல்பும் அதற்கு உண்டு. புண்ணின் விளிம்புகளை இழுத்து மூடுவது அச்செல்லே. தோலில் அது நன்மை. குழலில் அது வினை. இரண்டு இடங்களிலும் அடிப்படை ஒன்று: காயம் செல்லின் அடையாளத்தைக் குலைக்கிறது, அடையாளம் குலைந்த செல் வழியை அடைக்கிறது.

இப்படிப்பட்ட சிக்கலுக்கு மாலைக்கண் நோயோடு தொடர்புடைய வைட்டமினை நாட வேண்டும் என்று யாருக்கேனும் ஏன் தோன்ற வேண்டும்?

விடை 1925-இல் இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த பர்ட் வோல்பாக், பெர்சி ஹோவ் இருவரும் வைட்டமின் ஏ இல்லாத உணவில் வளர்ந்த எலிகளை அறுத்துப் பார்த்தனர். மூச்சுக்குழல், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் நாளங்கள், சிறுநீர் வழி, இனப்பெருக்கப் பாதை, கண் ஆகியவற்றின் மென்மையான உள்வரிப் படலம் மறைந்து, அதன் இடத்தில் தோலைப் போன்ற கெரட்டின் படிந்த அடுக்குப் படலம் வளர்ந்திருந்தது. செல்கள் செத்துவிடவில்லை, வேறொன்றாகிவிட்டிருந்தன. உதிர்ந்த கெரட்டின் செதில்கள் நாளங்களை அடைத்தன. வைட்டமின் ஏ இல்லையென்றால் ஈரமான வழிகளெல்லாம் வறண்டு அடைபடுகின்றன என்ற அந்தக் காட்சியில்தான் பின்னாளைய சிகிச்சை எண்ணத்தின் வேர் இருக்கிறது.

அதே பத்தாண்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மெக்கரிசன் இந்திய உணவுகளைக் கொண்டு எலிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வைட்டமின் ஏ குறைந்த, சமனற்ற உணவு தின்ற எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் உருவாவதை அவர் 1927-இல் வெளியிட்டார். 1918-இல் பெரிபெரி நோய் பற்றிய ஒரு சிறு விசாரணைப் பிரிவாகத் தொடங்கிய அந்த ஆய்வகமே 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவில் வைட்டமின் ஏ என்றதும் நினைவுக்கு வருவது, 1970 முதல் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஊற்றப்படும் சொட்டு மருந்துதான். குறைபாட்டின் கோணத்திலிருந்தே இந்த மூலக்கூறை இந்நாடு அறிந்திருக்கிறது. அதில் வியப்பில்லை, குழந்தைகள் பார்வையிழந்துகொண்டிருந்த நாட்டில் அதுவே முதற்கடமை.

குறைந்தால் ஒரு மாற்றம் என்றால் கூடினால் எதிர்மாற்றம் நிகழுமா? 1953-இல் கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல், எட்வர்ட் மெலன்பி இருவரும் கோழிக்கருவின் தோலைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து அதில் வைட்டமின் ஏ-யை மிகுதியாகச் சேர்த்தனர். தோலாக வேண்டிய செல்கள் கெரட்டினைக் கைவிட்டுச் சளி சுரக்கத் தொடங்கின. வோல்பாக்கும் ஹோவும் கண்டதன் நேர் எதிர்நிலை இது. செல் என்னவாக இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஆற்றல் இந்த மூலக்கூறுக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அப்போது இல்லை. அந்த ஆற்றல் எவ்வழியில் செயல்படுகிறது என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு மேலும் 34 ஆண்டுகள் ஆயின. 1987 டிசம்பரில் பிரான்ஸின் பியேர் ஷம்போன் குழுவும் அமெரிக்காவின் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் ஒரே இதழில், ஒரே நேரத்தில், ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியை அறிவித்தன. செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு, அமிலம் வந்து இணைந்ததும் மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதம் அது. இதற்கு முன்பே 1976-இல் மைக்கேல் ஸ்போர்ன் இந்த மூலக்கூறுக் குடும்பம் முழுமைக்கும் ரெட்டினாய்டு என்று பெயரிட்டிருந்தார்.

மறு ஆண்டு ஷாங்காயிலிருந்து வந்த செய்தி மருத்துவ உலகை நிமிரச் செய்தது. முன்மையலணு இரத்தப் புற்றுநோய் கண்ட 24 பேருக்கு ஹுவாங் மெங்-அர், வாங் ஜென்-யி குழுவினர் ரெட்டினாயிக் அமிலத்தை வாய்வழி கொடுத்தனர். அனைவரும் முழுத் தணிவு அடைந்தனர்; ஒருவருக்கு மட்டும் வேதிச் சிகிச்சையும் தேவைப்பட்டது. புற்றுச் செல்கள் கொல்லப்படவில்லை. தடைபட்டிருந்த முதிர்ச்சியை அடைந்து, சாதாரண வெள்ளணுக்களைப் போலத் தம் ஆயுளை முடித்துக்கொண்டன. செல்லைக் கொல்லாமல் அதன் இயல்பை அதற்கு மீட்டுக் கொடுப்பதன் மூலம் நோயைத் தீர்க்கலாம் என்பது கோட்பாட்டளவில் பேசப்பட்டு வந்தது. இப்போது அதற்கு மனிதச் சான்று கிடைத்துவிட்டது. வேடம் மாறிய மென்தசைச் செல்லைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் செய்தி என்ன பொருள் தந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எனினும் அவர்கள் நல்ல நேரத்தில் வரவில்லை. மீள்குறுக்க ஆய்வில் எலியின் கழுத்துத் தமனியே அன்றைய உரைகல். பலூனால் அதன் உட்படலத்தைச் சுரண்டிவிட்டால் இரண்டு வாரத்தில் புதிய உட்படலம் தடிக்கும்; மருந்து கொடுத்து அது எவ்வளவு குறைகிறது என்று அளக்கலாம். 1977-இல் ஹெப்பாரின் எலியில் பலன் தந்தது, மனிதரில் தரவில்லை. அதைவிடப் பெரிய அடி சிலாசாப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தால் விழுந்தது. அது எலியின் புதிய உட்படலத்தை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைப்பதாக 1989-இல் செய்தி வந்தது. ஐரோப்பாவில் சுமார் 700 நோயாளிகளிடம் நடந்த மெர்க்கேட்டர் என்னும் சோதனையின் முடிவு 1992-இல் வெளிவந்தபோது, மருந்து உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்த மார்க்கேட்டர் சோதனையும் அதையே சொன்னது. எலித் தமனியின் சொல்லை நம்பிப் பெரும் பணத்தைச் செலவிட எந்த நிறுவனமும் அதன்பின் தயங்கும். (சிலாசாப்ரிலை உருவாக்கிய பாஸல் நகர நிறுவனமே 1940களில் வைட்டமின் ஏ-யைத் தொழில்முறையில் தொகுத்ததும், பின்னர் ஐசோட்ரெட்டினாயினைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் என்பது வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை.)

இந்தச் சூழலில்தான் ஜோசப் மியானோவும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டனர். மென்தசைச் செல்களில் ரெட்டினாய்டு ஏற்பிகளில் பெரும்பாலானவை இருப்பதையும், ரெட்டினாயிக் அமிலம் அச்செல்களின் பெருக்கத்தைத் தணிப்பதையும் அது காட்டியது. 1998-இல் அவர்கள் எலித் தமனிக்குச் சென்றனர். புதிய உட்படலம் குறைந்தது. அதைவிட முக்கியமான ஒன்றைக் கட்டுரையின் தலைப்பே அறிவித்தது: தமனியின் வடிவமைப்பு நல்ல திசையில் மாறியிருந்தது. அதாவது, காயம்பட்ட தமனி முழுவதுமாகச் சுருங்கிப்போகாமல் அகன்றே நின்றது.

இந்த இரண்டாவது செய்தியின் எடையை அறிய அக்காலத்தின் மற்றொரு கண்டுபிடிப்பை நினைவில் கொள்ள வேண்டும். தமனிக்குள்ளேயே செலுத்தும் ஒலியலைக் கருவியால் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த கேரி மின்ட்ஸ் குழுவினர், பலூன் சிகிச்சைக்குப் பிந்தைய குறுக்கத்தில் பெரும்பங்கு உட்படலத் தடிப்பால் வருவதில்லை, தமனியின் வெளிச்சுவரே உள்நோக்கிச் சுருங்குவதால் வருகிறது என்று 1996-இல் எழுதினர். ஆறும் புண் சுற்றியுள்ள தோலை இழுப்பதைப் போல ஆறும் தமனி தன்னையே இறுக்கிக்கொள்கிறது. ஹெப்பாரினும் சிலாசாப்ரிலும் ஏன் தோற்றன என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். உட்படலத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்த எலிச் சோதனைகள் நோயின் பாதியைக் காணவே இல்லை. அந்தக் காணாத பாதியின்மீது வேலை செய்யும் மருந்தாக ரெட்டினாயிக் அமிலம் தோன்றியது.

அடுத்த சில ஆண்டுகளில் சான்றுகள் பல திசைகளிலிருந்து சேர்ந்தன. 1999-இல் கப்பியானியின் ஆய்வகமும் சுவீடன் ஆய்வாளர்களும் இணைந்து, இந்த விளைவு ஆல்ஃபா வகை ஏற்பி வழியாக நிகழ்கிறது என்று காட்டினர். 2000-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, எலியைவிட மனித நோய்க்கு நெருக்கமான மாதிரியாகிய கொழுப்பு படிந்த முயல் தமனியில் இதைச் சோதித்தது. அங்கும் பலூனுக்குப் பிந்தைய குறுக்கம் குறைந்தது. அங்கும் பயனின் மையம் தமனியின் வடிவமே. மென்தசைச் செல்லின் வேடமாற்றத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்த கேரி ஓவன்ஸ் அக்குழுவில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி மனிதரிடம் சோதிக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். தடைகள் இருந்தன, அவை உண்மையான தடைகள். ரெட்டினாய்டு செல்லின் அடையாளத்தை எழுதும் மூலக்கூறு என்பதாலேயே, அடையாளங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கருவில் அது பேரழிவு செய்கிறது. 1982-இல் கடும் முகப்பருவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினாயினைக் கர்ப்பகாலத்தில் உட்கொண்ட பெண்களின் குழந்தைகளுக்கு முகம், காது, இதயம், மூளை ஆகியவற்றில் நேர்ந்த குறைகளை 1985-இல் எட்வர்ட் லாமர் குழுவினர் பதிவு செய்தனர். அதன்பின் வாய்வழி ரெட்டினாய்டு என்ற சொல்லே ஒழுங்குமுறை அலுவலகங்களில் எச்சரிக்கை மணியாக ஒலித்தது. இதய நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தை பெறும் வயதைக் கடந்தவர்கள் என்று வாதிடலாம். ஆனால் வாய்வழி ரெட்டினாய்டுகள் இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பை உயர்த்துகின்றன. தமனி நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து இரத்தக் கொழுப்பைக் கூட்டுவது எந்த மருத்துவருக்கும் உவப்பானதன்று. மேலும், இரத்தப் புற்றுநோயாளிகளிடம் கண்டபடி, ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க உடல் அதை விரைவாகச் சிதைக்கக் கற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு தானாகவே இறங்குகிறது. ஒளியும் காற்றும் பட்டாலே கெடும் பொருள் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1946-இலேயே தொகுக்கப்பட்டுவிட்ட மூலக்கூறில் எந்த நிறுவனத்துக்கு ஆர்வம் பிறக்கும் என்பது தனிக்கேள்வி.

இவை யாவும் வாய்வழி மருந்துக்கான தடைகள். தமனியின் அந்த ஓரிடத்தில் மட்டும் மருந்தை வைக்க முடிந்தால் பெரும்பாலானவை விலகிவிடும். அப்படி வைக்கும் வழியும் அப்போது உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ரெட்டினாய்டின் கதை திசைமாறியதும் அந்த வழியால்தான்.

1986-இல் ஐரோப்பாவில் முதன்முதலாக மனித இதயத் தமனியில் உலோகக் கூடு, அதாவது ஸ்டென்ட், பொருத்தப்பட்டது. 1994-இல் பெனஸ்டென்ட், ஸ்ட்ரெஸ் என்ற இரு சோதனைகள் ஒரே இதழில் வெளிவந்தன. பலூன் மட்டும் பயன்படுத்தியபோது முறையே 32, 42 விழுக்காடாக இருந்த மீள்குறுக்கம், ஸ்டென்ட் வைத்தபோது 22, 32 என்று இறங்கியது. உலோகக் கூடு உட்படலத் தடிப்பைக் குறைக்கவில்லை. உண்மையில் அது கூடியது. கூடு செய்த வேலை ஒன்றே ஒன்று: தமனியின் வெளிச்சுவர் உள்நோக்கிச் சுருங்குவதை இரும்புக் கரத்தால் தடுத்து நிறுத்தியது.

ரெட்டினாயிக் அமிலத்தின் தனிச்சிறப்பாக எலியும் முயலும் எதைக் காட்டினவோ, அதை உலோகம் இயந்திர வலிமையால் செய்து முடித்துவிட்டது. மின்ட்ஸ் குழுவின் கண்டுபிடிப்பும் மியானோவின் எலிகளும் வர்ஜீனியாவின் முயல்களும் பலூன் காலத்துக் கேள்விக்கு விடை தேடின. விடை அச்சேறிய வேளையில் மருத்துவமனைகள் ஸ்டென்ட் காலத்துக்குள் நுழைந்திருந்தன. வடிவச் சுருக்கம் என்ற பாதி நோய் நீங்கியபின் எஞ்சியது கூட்டின் கண்ணிகள் வழியே வளரும் உட்படலம் மட்டுமே. அதற்குத் தேவைப்பட்டது பெருக்கத்தை முரட்டுத்தனமாக நிறுத்தும் பொருள். அந்தப் போட்டியில் ராபமைசினுக்கு இணை இல்லை.

ராபமைசினின் பின்னே ஓர் இந்தியர் இருக்கிறார். இன்று பாகிஸ்தானிலுள்ள குஷாப்பில் 1932-இல் பிறந்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்ற சுரேந்திரநாத் சேகல். 1964-இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குச் சென்ற மருத்துவக் குழு அள்ளி வந்த மண்ணிலிருந்து, மான்ட்ரியாலின் அயெர்ஸ்ட் ஆய்வகத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் பூஞ்சையைக் கொல்லும் ஒரு பொருளைப் பிரித்தனர். தீவின் மக்கள் தம் மண்ணுக்கு வைத்த பெயர் ராபா நூயி. அதிலிருந்து வந்தது ராபமைசின். 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆய்வகம் மூடப்பட்டு, அந்த ஆய்வும் கைவிடப்பட்டது. சேகல் அந்த நுண்ணுயிரை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, 'உண்ணாதீர்' என்று எழுதி உறைபெட்டியில் பாதுகாத்தார் என்ற செய்தி மருந்தியல் வட்டாரங்களில் பலமுறை சொல்லப்பட்டது. நிறுவனம் வேறொன்றோடு இணைந்தபின் அவர் மீண்டும் அதை மேலிடத்தின் முன் வைத்தார். 1999-இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சாவோ பாவுலோவில் எடுவார்டோ சூசா ராபமைசின் பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக ஒரு மனிதரின் தமனியில் பொருத்தினார்.

2002-இல் ரேவல் சோதனையின் முடிவு வந்தது. 238 நோயாளிகள். ஆறு மாத முடிவில் பூச்சில்லாத ஸ்டென்ட் பெற்றவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு மீள்குறுக்கம். ராபமைசின் ஸ்டென்ட் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. இதயவியலில் சுழியம் என்ற எண்ணை முடிவாக அறிவிக்கும் சோதனைகள் அரிதினும் அரிது. சேகல் 2003 ஜனவரியில் புற்றுநோயால் மறைந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அந்த ஸ்டென்ட்டுக்கு ஒப்புதல் அளித்தது.

ரெட்டினாய்டு ஆய்வுகள் அதன்பின்னும் நின்றுவிடவில்லை. 2003-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ரெட்டினாயிக் அமிலத்தை முயலின் கழுத்துத் தமனிக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தனர். ஆனால் சுழியத்தை வெல்ல எந்த எண்ணும் இல்லை. புதிய மருந்தொன்றைப் பூசி மனிதரிடம் சோதிக்க விரும்புபவர் ராபமைசினைவிட அது மேலானது என்று காட்ட வேண்டும். குறைந்தது அதற்கு நிகர் என்றாவது காட்ட வேண்டும். மென்மையாகச் செயல்படும் ஒரு மூலக்கூறுக்கு அந்த வாசல் மிக உயரம்.

சுழியத்தின் விலை 2006-இல் தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பார்சலோனாவில் கூடிய ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில், மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றவர்களுக்கு ஓராண்டு கடந்தபின்னும் திடீர் இரத்த உறைவு ஏற்படுகிறது என்ற கணக்குகள் பெரும் அதிர்ச்சியைக் கிளப்பின. தில்லியில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் நோயியல் ஆராய்ந்த ரேணு வீர்மானியின் குழு, இறந்தவர்களின் தமனிகளைப் பரிசோதித்துக் காரணத்தைச் சொன்னது. பெருக்கத்தை நிறுத்தும் மருந்து மென்தசைச் செல்லையும் உள்வரிச் செல்லையும் வேறுபடுத்துவதில்லை. குறுக்கம் உண்டாக்கும் செல் வளரவில்லை. புண்ணை மூட வேண்டிய செல்லும் வளரவில்லை. உலோகக் கம்பிகள் மாதக்கணக்கில் இரத்தத்துக்கு வெறுமையாகக் காட்சியளித்தன. மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றவர்கள் இரட்டை இரத்த உறைவெதிர்ப்பு மாத்திரைகளை நீண்ட காலம் விழுங்க வேண்டியிருப்பதன் பின்னணி இது. பின்னர் வந்த மெல்லிய கம்பி ஸ்டென்ட்டுகளும் ராபமைசினின் வழித்தோன்றல் மருந்துகளும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நிறுத்துவதற்கும் நினைவூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் ஏட்டளவு வேறுபாடாக இல்லாமல் போகிறது. செல்லைத் தன் பழைய சுருங்கும் நிலைக்குத் திருப்ப முயலும் மருந்து, கோட்பாட்டின்படி, பக்கத்துச் செல்லின் வேலையை முடக்கத் தேவையில்லை. அதற்காக ரெட்டினாய்டு ஸ்டென்ட் வந்திருந்தால் பார்சலோனா அதிர்ச்சி நிகழ்ந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. சிலாசாப்ரிலின் 80 விழுக்காட்டை நம்பியவர்கள் அடைந்த ஏமாற்றம் ரெட்டினாய்டை நம்பியவர்களுக்கும் காத்திருந்திருக்கலாம். முயலின் தமனி மனிதத் தமனிக்குச் சாட்சி சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்த வரலாற்றின் தடம் விலைப்பட்டியலில் தெரிகிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது: பூச்சில்லாததற்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்கப்பட்டு வந்தன. பூச்சுள்ளதற்கும் பூச்சில்லாததற்கும் இடையே அரசே ஏற்றுக்கொண்ட அந்த 22,340 ரூபாய் வேறுபாட்டில், ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த பொருளும் அதன் குடும்பமும் பெற்ற வெற்றியின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

டோக்கியோவில் கதை சற்று வேறு விதமாகத் தொடர்ந்தது. ஆல்ஃபா, பீட்டா வகை ஏற்பிகளைத் தேர்ந்து பற்றும் செயற்கை ரெட்டினாய்டு ஒன்றை 1980களில் கோயிச்சி ஷூடோ உருவாக்கியிருந்தார். அம்-80 என்பது அதன் ஆய்வகப் பெயர். இயற்கை அமிலத்தைவிட நிலைப்புத்தன்மை மிக்கது. ரியோசோ நாகாயின் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு, காயம்பட்ட மென்தசைச் செல்லை வேடம் மாறச் செய்யும் கே.எல்.எஃப்.5 என்னும் மரபணு இயக்கிப் புரதத்தை அடையாளம் கண்டு, அம்-80 அந்தப் புரதத்தின் செயலை அடக்குகிறது என்று 2002-இல் எழுதியது. 2005-இல் ஸ்டென்ட்டுக்குள் வளரும் உட்படலத்தையும் அம்-80 விலங்குகளில் குறைப்பதாக அதே குழு காட்டியது. 1925-இல் எலியின் மூச்சுக்குழலில் கண்ட அடையாள மாற்றத்துக்கும் ஸ்டென்ட்டின் கண்ணிகளில் வளரும் திசுவுக்கும் இடையே இருந்த தொலைவை, மூலக்கூறு மூலக்கூறாகக் கடந்துவிட்ட ஆய்வு அது.

அதே 2005-இல் ஜப்பானிய அரசு அம்-80-க்கு, டாமிபரோட்டீன் என்ற பெயரில், ஒப்புதல் அளித்தது. ஒப்புதல் தரப்பட்ட நோய் தமனிக் குறுக்கம் அன்று. ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் தணித்துக் காட்டிய அதே இரத்தப் புற்றுநோய், முதற்சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும்போது கொடுக்கும் மருந்தாக.